அலமாரியில் ஒரு ஸ்லைடு

நோயாளியின் திசு ஸ்லைடைப் பார்க்க வாரிசு எழுத்து மூலம் விண்ணப்பித்தால், முப்பது நாட்களுக்குள் அனுமதிக்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனை தன் ஒப்புதல் படிவத்தின் பின்புறத்தில் தானே அச்சிட்டிருந்த விதி. பயாப்ஸிக்கு முன் அவள் முன்புறத்தில் கையெழுத்துப் போட்டபோது, "படிச்சுட்டுப் போடு" என்றேன். "நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு சரியாயிடும்" என்றாள். நான் முழுதும் படித்தேன். அவளுக்குச் சரியாகவில்லை.

அவள் போன மறு வருடம், தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் உயிரியலும் சமூகமும் என்றொரு டிப்ளமோவில் சேர்ந்தேன். பீர்க்கன்கரணை வீட்டில் தனியாக டி.வி.யோடு பேசிக்கொண்டிருப்பதற்கு அது மேல்.

ஒரு நாள் மைக்ரோஸ்கோப்பில் ஒரு ஸ்லைடைக் காட்டினார்கள். இளஞ்சிவப்பில் ஊதாப் புள்ளிகள்.

"இது ஒருத்தரோட உடம்புலேர்ந்து எடுத்தது. இப்ப யாருக்குச் சொந்தம்?" என்றார் பேராசிரியை.

ஆஸ்பத்திரிக்கு என்றான் ஒருவன். ஆராய்ச்சிக்கு என்றாள் ஒருத்தி. "வெட்டி எடுத்தப்புறம் வேஸ்ட்தானே மேடம்?" என்றது கடைசி பெஞ்ச்.

மனைவியின் அஸ்தியைக் கடலில் கரைத்தாயிற்று. புடவைகளை மகள் எடுத்துப் போய்விட்டாள். மனைவி உடம்பின் ஒரு மெல்லிய சீவல் மட்டும் இன்னும் ஏதோ அலமாரியில் எண் போட்டுக் கிடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றே விண்ணப்பம் எழுதினேன். பார்வை நான்கு, இணைப்பு ஆறு, பதிவுத் தபால், ஒப்புகை அட்டை. முப்பது நாள் போயிற்று. நினைவூட்டல் அனுப்பினேன், அதற்கும் ஒரு நினைவூட்டல். போன் செய்தால், "லீகல் செக்‌ஷனுக்குப் போயிருக்கு சார்" என்றார்கள். என் நடை அவ்வளவு கச்சிதம்.

வகுப்பில் மறைமலை நகரிலிருந்து வரும் பக்கத்து இருக்கைப் பெண் நகலை வாங்கிப் படித்தாள்.

"சார், இது லெட்டரா, வக்கீல் நோட்டீஸா?"

"விதிப்படி எழுதினதும்மா."

"இதப் பாத்தா கேஸ் போடப் போறீங்கன்னுதான் நெனப்பாங்க. எதுக்குப் பாக்கணும்னு ஒரு வரி கூட இல்லியே?"

"காரணம் சொல்லணும்னு விதி இல்ல."

"சரி, எங்கிட்டயாவது சொல்லுங்க. எதுக்கு?"

முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் குறிப்பெழுதியவனுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. "பாக்கணும்மா. அவ்ளோதான்."

"அத எழுதுங்க சார்."

எழுதினேன். பார்வை எண் இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம்: 'என் மனைவியின் ஸ்லைடு உங்களிடம் இருக்கிறது. ஒரே ஒரு முறை பார்க்க ஆசைப்படுகிறேன்.' இப்படி ஒன்று என் மேசைக்கு வந்திருந்தால், விதி குறிப்பிடப்படவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

பதில் கையால் எழுதப்பட்டிருந்தது. ஆய்வுக்கூட மருத்துவர் எழுதியிருந்தார்: 'பத்திரமாக இருக்கிறது. எந்த நாள் காலையிலும் வாருங்கள், மைக்ரோஸ்கோப்பைத் தயாராக வைக்கிறேன். அவசரமில்லாமல் பார்க்கலாம்.'

இரண்டு முறை படித்தேன். பிறகு பழக்கதோஷத்தில் மேல் மூலையில் பெற்ற நாளைக் குறித்தேன்: கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை.