முளை வராத மூட்டை

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி வேலைக்காக நான் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. கணினிப் பாடத்தில் பேட்டர்னும் ஆட்டோமேட்டாவும்; கொடுத்த எழுத்துவரிசை சரியா தவறா என்று சொல்லும் இரண்டு வழிகள். முன்பு வேறொரு கல்லூரியில், “ரெண்டும் ஒரே பதிலத்தானேம்மா சொல்லுது, எதுக்கு ரெண்டு?” என்று கேட்டார்கள். புத்தகத்தை ஒப்பித்தேன், அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் இனி எங்கும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

வகுப்புக்கு முதல் நாள் குத்தாலம் பக்கத்து எங்கள் வீட்டில், ஊறவைத்து வடித்த விதைநெல் ஈரச் சாக்கில் கட்டிக் கிடந்தது. வெள்ளையாக முளை தெரிந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டு, கணவர் நாற்றங்காலைப் பார்க்கப் போனார். சாக்கை அவிழ்த்தேன். முளையைக் காணோம். ஊறியது போதவில்லை போலும் என்று மூட்டையைத் தொட்டிக்கு இழுத்தேன். நல்லவேளை, செல்போனை மறந்துவிட்டுப் போன மனிதர் திரும்பி வந்தார்.

“அது ஊறி முடிச்ச நெல்லும்மா. மறுபடி முக்குனா அழுகிடும். தண்ணி தெளிச்சுக் கட்டி வை, போதும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “முளை வந்தா எப்படி இருக்கும்னு சொன்னீங்க. வரலைன்னா என்ன செய்யணும்னு சொன்னீங்களா?”

கத்திய பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. தேடிக்கொண்டிருந்த பதில்! அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

மறுநாள் அதே கேள்வி வந்தது. முளைத்த நெல் எப்படி இருக்கும் என்ற அடையாளம் பேட்டர்ன், அங்கே போய்ச் சேரும் வழி அதில் இல்லை என்றேன். ஆட்டோமேட்டாவோ, இப்போது எந்த நிலையில் நிற்கிறோம் என்பதை வைத்து அடுத்த அடி எடுக்கும். முளைக்காத நெல் தொட்டியில் இருந்தால் ஊறட்டும். அதே நெல் சாக்கில் இருந்தால் தெளித்துவிட்டுக் காத்திரு. செல்போன் எண் பத்து இலக்கம் என்பது பேட்டர்ன். ஒவ்வோர் இலக்கமாக வாங்கி, எத்தனையாவதில் நிற்கிறோம் என்று மட்டும் நினைவில் வைப்பது ஆட்டோமேட்டா. கடைசியில் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லும். ஒன்று சொல்லி வைப்பது, மற்றது நடந்து பார்ப்பது.

கேட்டவர்களில் பாதிப் பேர் வயல் வைத்திருப்பவர்கள் போலிருக்கிறது. ஒருவர், மூட்டை என்ன ஆயிற்று என்றுகூட விசாரித்தார். திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து கணவரைப் போனில் கூப்பிட்டேன். அந்த மனிதர் செல்போனை மறக்காமல் போயிருந்தால் நெல்லும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். அந்த மறதிக்கு இன்றைக்கும் மனதாரக் கும்பிடு போடுகிறேன்.

“முளை வந்துருச்சும்மா,” என்றார். “உனக்கு?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “வந்துருச்சுங்க,” என்றேன்.