இருபத்து மூன்றாம் மரம்

எங்கள் ஊரில் நிலம் யாருடையது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. மரம் யாருடையது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். வருசநாட்டில் இறங்கி, ஜீப்பில் ஒரு மணி நேரம் மேலே ஏறினால் வருகிற சரிவு எங்களுடையது. காட்டை ஒட்டிய பூமி. யாருக்கும் பட்டா கிடையாது. அதனால் இலவ மரத்தைக் காட்டித்தான் எல்லோரும் சொத்து என்றார்கள். பங்குனியில் காய் வெடிக்க ஆரம்பித்தால் ஊரே நரைத்துப்போகும். சோற்றில் பஞ்சு, தலையில் பஞ்சு, என் பாடப் புத்தகத்துக்குள்ளும் பஞ்சு.

பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது எங்கள் பக்கம் அவளுக்கென்று ஒரு மரத்தைக் காட்டிவிடுவார்கள். மரத்தைத் தூக்கிக்கொண்டு புருசன் வீட்டுக்குப் போக முடியாது. அது அண்ணன் தம்பி காட்டிலேயே நிற்கும். காய் மட்டும் அவளுக்கு. வருசம் ஒருமுறை அவள் வந்து முதல் அடி அடித்த பிறகுதான் வீட்டு ஆண்கள் அந்த மரத்தில் காய் பறிக்கத் தொரட்டியைக் கையில் எடுக்கலாம். அதுவரை தானாக விழுந்த காயைக்கூட ஒருவரும் தொடமாட்டார்கள்.

என் அத்தைக்கும் அப்படி ஒரு மரம் இருந்தது. அப்பாவுக்கு மூத்தவள், கோம்பையில் வாக்கப்பட்டவள். தாத்தா அவளுக்குக் கொடுத்த சீர் அந்த மரம் ஒன்றுதான். கோம்பையிலிருந்து தேனி, தேனியிலிருந்து வருசநாடு, அங்கிருந்து ஜீப், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நடை என்று பாதி நாள் பயணம் செய்து வருவாள். அக்குளில் மடித்த சாக்கு, கையில் எனக்கான மிக்சர் பொட்டலம். தன் வீட்டுத் தலையணை எல்லாம் பிறந்த வீட்டுப் பஞ்சு என்று அங்கே சொல்லிக்கொள்வாளாம். நான் வருசா வருசம் கோம்பை நாய்க்குட்டி ஒன்று கேட்பேன். “ஏலே, அது ஒன்னோட வளந்தா ஒன்னய விட நல்லாப் படிச்சுப்புடும், வேணாம்” என்பாள்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருசம், சரிவுக்கெல்லாம் பட்டா தரப்போகிறார்கள், அளக்க ஆள் வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. யார் மரம் எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்வார்களாம். மரத்துக்கு மரம் நம்பர் போட்டு வைத்தால் வேலை சுலபம் என்று கீழே டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா வெள்ளைப் பெயிண்ட் டப்பா ஒன்றும் பிரஷ் ஒன்றும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரின் முதல் எழுத்து வரைக்கும் வரும், அதற்குமேல் பெருவிரல்தான்.

இலவ மரத்துத் தூர் முழுக்க முள். அப்பா அரிவாளால் ஒரு சாண் அகலத்துக்கு முள்ளைச் சீவிக்கொடுப்பார், நான் எழுதுவேன். பஸ் நம்பர் மாதிரி சுற்றிக் கட்டம் கட்டி எழுதினேன். ஒவ்வொன்றையும் அப்பா தள்ளி நின்று பார்த்து, “இது என்ன, பதினாறா?” என்று கேட்டுக்கொண்டார். அவர் என்னை அப்படி ஆச்சரியமாகப் பார்த்த நாள் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

இருபத்திரண்டு முடிந்து ஓடைக்கரை மரத்துக்கு வந்தோம். நான் தாண்டிப் போனேன்.

“எங்கலே போற? இங்கன வா.”

“இது அத்த மரம்ப்பா.”

அப்பா குனிந்து முள்ளைச் சீவ ஆரம்பித்தார். மற்ற மரங்களுக்கு ஆனதைவிட அதிக நேரம் சீவினார். “எழுது. அக்கா வந்தா நான் பேசிக்கிறேன்” என்றார். நான் எழுதினேன். சந்தேகம் எதுவும் எனக்கு இல்லை. உண்மையைச் சொன்னால், அதுவரை எழுதியதிலேயே இருபத்து மூன்றுதான் நன்றாக வந்திருந்தது.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: “மதினி வருவாகள்ல. என்ன சொல்லுவீக?”

“நடுவுல வேற பேரு வந்துச்சுன்னா அளக்குறவன் தகராறுன்னு எழுதிட்டுப் போயிருவான்றாய்ங்க. மொத்தமும் நின்னு போகும். காகிதம் மட்டும் என் பேர்ல இருக்கட்டும், காய் எப்பவும் போல அக்காவுக்குத்தான். அது புரியாதா அதுக்கு?”

“புரியும். அத நீங்க அவுக மொகத்தப் பாத்துச் சொல்லணும்.”

“சொல்றேன்னுதான சொல்றேன்.”

பத்து நாள் கழித்து அத்தை வருவதாகச் சொல்லியனுப்பினாள். அவள் வருகிற நாள் விடியற்காலை முதல் ஜீப்பில் அப்பா சாக்கு வாங்க ஆண்டிபட்டி போனார். வீட்டில் பரணில் சாக்கு அடுக்கி இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர்கள் போகிற காரியத்துக்கெல்லாம் காரணம் இருக்கும் என்று நம்புகிற வயது. அத்தை ஏறி வந்த வண்டியும் அப்பா இறங்கிப் போன வண்டியும் எங்கேயோ எதிரெதிரே கடந்திருக்கத்தான் வேண்டும்.

அத்தை வந்து தண்ணீர் குடித்தாள். “எங்கடி என் தம்பி?” என்றாள். அம்மா “ஆண்டிபட்டிக்கிப் போயிருக்காக மதினி, வந்துருவாக” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. கோழிக்குழம்பு அன்றைக்கு வெகு நேரம் கொதித்தது. நான்தான் தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அத்தையை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு நம்பராக அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

தன் மரத்தின் முன்னால் வந்ததும் அத்தை நின்றாள்.

“இது என்னலே?”

“இருபத்து மூணு அத்த. பட்டா தரப் போறாகள்ல, அதுக்கு. ஒன்னுலருந்து நாப்பத்தொன்னு வரைக்கும் எல்லாம் நானே எழுதுனேன்.”

“எல்லாம் யாரு பேருக்கு?”

“அப்பா பேருக்கு.”

அத்தை பெயிண்டைத் தடவிப் பார்த்தாள். சீவிய இடம் வழவழவென்று இருந்தது. அதைச் சுற்றியிருந்த முள் ஒன்றில் அவள் விரல் பட்டது, எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அழகா எழுதியிருக்க மருமகனே. வாத்தியாரு எழுதுன மாதிரி இருக்கு.”

நான் தொரட்டியை நீட்டினேன். “மொத அடி அடிங்கத்த.”

“இந்த வருசம் நீ அடி.”

“நானா?”

“ஒங்க மரந்தான. அடி.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. தாழ்ந்திருந்த கிளையைப் பார்த்து ஓங்கி அடித்தேன். காய் பொலபொலவென்று விழுந்தது. வெடித்திருந்த ஒன்றிலிருந்து பஞ்சு கிளம்பி அத்தை முகத்தில் ஒட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பஞ்சுத் தூசிக்குக் கண் கலங்குவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ளதுதான்.

மூன்று மணி ஜீப்புக்கே கிளம்பிவிட்டாள். வழக்கமாக இரண்டு நாள் இருப்பாள். அம்மா காயைச் சாக்கில் கட்டி, தானே சுமந்துகொண்டு ஜீப் வரைக்கும் வந்தாள். “மதினி, அவுக வரட்டும், ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னாள்.

“அவன எனக்குத் தெரியாதா? சின்னதுலயே கொழம்பச் சிந்திட்டா தோட்டத்துல போயி ஒளிஞ்சுக்கிருவான்” என்றாள் அத்தை. “சாக்கு இருக்கட்டும்டி. ஜீப்புல எடம் இருக்காது.”

நான் ஓடிப்போய் ஜீப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டே பேர் இருந்தார்கள்.

“எடம் இருக்கு அத்த! நெறைய இருக்கு!”

அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அத்தை என் தலையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அதன் பிறகும் அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது, தங்கை காது குத்துக்கு, நான் கல்லூரியில் சேர்ந்தபோது. ஒருமுறைகூடச் சாக்கோடு வந்ததில்லை. அளக்கிறவர்கள் அந்த வருசம் மட்டுமல்ல, இதுவரைக்கும் எங்கள் சரிவுக்கு ஏறி வரவில்லை.

அத்தை கிளம்பிப்போன அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்து ஜீப்பில் அப்பா வந்தார். வாங்கிய சாக்குகளை வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அம்மா நிமிரவில்லை. என்னிடம் வந்தார்.

“அத்த என்ன சொன்னாக?”

நாள் முழுக்க நான் காத்திருந்த கேள்வி அது. “எழுத்து அழகா இருக்குன்னு சொன்னாக. வாத்தியாரு எழுதுன மாதிரி இருக்காம்.”

“வேற?”

“மொத அடி என்னையவே அடிக்கச் சொன்னாகப்பா.”

அப்பா அந்தச் சாக்குக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அத்தையே மெச்சிவிட்டாள், இனி அப்பாவும் ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் அவர் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.