ஏழுமலை மாற்றாத சொல்

போன வாரம் விழுப்புரத்திலிருந்து பவுனு போன் செய்தாள். "சார், ஏழுமலை மாமா போயிட்டாங்க" என்றாள். எப்போது, எப்படி என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அது ஏன் என்று திண்டிவனம் அரிசி ஆலையில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஏழுமலை ஆலையில் மேஸ்திரி, நான் டைப்பிஸ்ட். வந்து இறங்கும் நெல் மூட்டைக்குள் குத்தூசியை விட்டு, கையில் விழுந்த நெல்லைக் கடித்துப் பார்ப்பார். "மூட்டை மேல எழுதிக்கினு வர்றத நம்பாதீங்க சார், உள்ள குத்திப் பாருங்க" என்பார். வயதில் மூத்தவர் என்னைச் 'சார்' என்று கூப்பிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், வேறு தகுதி கிடையாது.

மாசி மாதம் இருளர் பெண்கள் ஆலையின் மதிலுக்கு வெளியே கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். வெறும் சுவருக்கா கற்பூரம் என்று ஒருமுறை சிரித்தேன். ஏழுமலை சிரிக்கவில்லை.

"அவங்க கன்னிமார் கல்லு உள்ள கீது சார், பாய்லருக்கு அடியில. இங்க எட்டு குடிசை இருந்துச்சு. மொதலாளி சொன்னாரு, நான்தான் பிரிச்சேன்."

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

அந்தக் குடிசைகளில் ஒன்றில் பிறந்தவள் பவுனு. பன்னிரண்டாவது தேறி, நர்ஸ் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனாள். இருளர் என்றால் எங்கே குடியிருந்தீர்கள், அத்தாட்சி எங்கே என்றார்கள். குடிசையே இல்லாதவள் அத்தாட்சிக்கு எங்கே போவாள்? ஏழுமலை சொல்லச் சொல்ல நான் கடிதம் அடித்தேன். 'இந்த ஆலை நிற்கும் இடத்தில் இருளர்கள் தலைமுறையாகக் குடியிருந்தார்கள்.'

முதலாளி படித்தார். "குடியிருந்தாங்கன்னு போட்டா நாளைக்கு எடத்தக் கேப்பானுங்க. ஒதுங்கியிருந்தாங்கன்னு மாத்து, கையெழுத்து போடறேன்."

"மழைக்கு ஒதுங்கறவன் பொணத்த பொதைப்பானா மொதலாளி? கடக்கால் தோண்டும்போது எலும்ப அள்ளிப் போட்டவன் நான்."

முதலாளி மறுக்கவில்லை, எழுந்து போய்விட்டார். ஒரு சொல்தானே, மாற்றிவிடலாமே என்றேன். "ஒதுங்கினவங்கன்னா சொந்த ஊரு எதுன்னு மறுபடியும் கேப்பாங்க சார்" என்று சொல்லி, தன் பெயரிலேயே கையெழுத்திட்டார். இரண்டாவது சாட்சி ஒருவர் வேண்டும். அவரும் முதலாளியும் பேசியதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். "நீங்க ஒண்ணு போடுங்க சார்" என்றார். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். வேலை போய்விடும் என்று பயந்தேன். "நாளைக்குப் பாக்கலாம்ணே" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அந்த வாரமே ஆலையை விட்டே போய்விட்டார்.

ஒற்றைச் சாட்சிக் கடிதம் செல்லுபடியாகவில்லை. பவுனு செங்கல் சூளைக்குப் போனாள். அவளை அழைத்துக்கொண்டு ஏழுமலை ஏறாத ஆபீஸ் படி இல்லை. சான்றிதழ் வர மூன்று வருடம் ஆனது. இன்று அவள் நர்ஸ். கடைசி நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியவளும் அவள்தான்.

அடக்கத்தன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு சார்?" என்று விழித்தாள். "ரெண்டாவது சாட்சிக்கு ஆளே கெடைக்கலன்னுதான் மாமா சொன்னாரு."

இத்தனை வருடத்தில் என் பெயரை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. பந்தலில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கடிதத்தின் கார்பன் நகல். இரண்டாவது சாட்சிக்கு விட்ட இடம் காலியாகவே கிடக்கிறது. இப்போது அதில் கையெழுத்துப் போட்டு யாரை ஏமாற்ற? அன்று எழுதாததை இன்று உங்கள் முன் எழுதுகிறேன். அந்த ஆலை நிற்கும் இடத்தில் இருளர்கள் குடியிருந்தார்கள். ஒதுங்கியிருக்கவில்லை.