ஒன்பது பேர் பட்டியல்

அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு 'ஈ' பிரிவு என்றாலே ஆசிரியர்கள் பலருக்குத் திடீரென்று முதுகுவலி வந்துவிடும். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களும் மூட்டை தூக்கும் அப்பாக்களும் பெற்ற பிள்ளைகள். இருபத்திரண்டு வருடங்களாக அந்த வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் கணக்கு டீச்சர் ஒருவர்தான். விடை தப்பினால் திட்டமாட்டார், "இன்னொரு தரம் போடு" என்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே 'இன்னொருதரம்'.

எந்தப் பிள்ளை எங்கே இடறுகிறது என்று நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். ஒருவனுக்குப் பின்னம் வராது. ஒருத்திக்குக் கேள்வியை வாசிக்கவே வராது. இன்னொருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் நின்றுவிடுவாள்.

தலைமை ஆசிரியையும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது தோழியான தலைமை ஆசிரியை கேட்டாள்: "ரொம்பத் திணறுறவங்க யார் யாருன்னு ஒரு லிஸ்ட் குடுடி. தனியா வகுப்பு வைக்கலாம்."

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் கேட்டும் கிடைக்காத வகுப்பு. பாவி மனுஷி, அன்றைக்கே ஒன்பது பேரை ஒளிவுமறைவில்லாமல், காரணத்தோடு எழுதிக் கொடுத்தார்.

வகுப்பு தொடங்கவே இல்லை. கேட்டால், "அறை காலியாகட்டும்." ஒரு திங்கட்கிழமை பார்த்தால், வருகைப் பதிவேட்டில் ஒன்பது பெயர்களுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. பெற்றோரைக் கூப்பிட்டு, டீச்சரின் பட்டியலைக் காட்டி, பிள்ளை தேறாது, படிப்பை நிறுத்திக்கொள்கிறோம் என்று கையெழுத்து வாங்கியாகிவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். எந்தப் பயிர் என்று காட்டிக் கொடுத்தது மட்டும் டீச்சர்.

"நூறு சதவீதம் தேர்ச்சி காட்டலைன்னா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க. நானூறு பிள்ளைங்களைப் பாப்பேனா, ஒன்பது பேரைப் பாப்பேனா?" தோழி தலை நிமிரவில்லை.

"என் கையாலேயே எழுத வச்சு வாங்கிட்டியேடி."

"நீ எழுதினதுல எது பொய்?"

கூட இருந்தே குழி பறித்தவளை விட, குழிக்கு இடம் காட்டிய தன் மீதே டீச்சருக்குக் கோபம்.

பள்ளி விட்டதும் பட்டியலில் முதலாவதாக இருந்த பெண்ணின் வீட்டுக்குப் போனார். தனித்தேர்வராக இந்த வருடமே எழுதலாம், விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது, நானே சொல்லித் தருகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே திரும்பினாள்.

"அம்மா, நான் தேறமாட்டேன்னு எழுதிக் குடுத்தவங்க வந்திருக்காங்க."