கடைசிப் பத்து நிமிடம்

இந்தக் கோடையில் ஆறு படம் பார்த்தேன். ஆறைப் பற்றியும் வாய் கிழியப் பேசினேன். ஒன்றின் முடிவையும் நான் பார்க்கவில்லை.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வண்டி. படம் முடிந்து வெளியே வந்தால் தியேட்டர் பார்க்கிங்கில் நூறு வண்டி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும், அதிலிருந்து பிதுங்கி ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிப்பதற்குள் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். அதனால் கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்து, எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது அங்கே தியேட்டரில் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். என் மனைவி என்னோடு படத்துக்கு வருவதை நிறுத்திப் பல வருடமாகிறது. எந்த வில்லன் செத்தான், எவன் ஜெயிலுக்குப் போனான் என்று தெரியாமலே காலம் தள்ளிவிட்டதாகச் சொல்வாள்.

ஆனால் குரோம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் சினிமா என்றால் என் பேச்சுதான். ஃப்ரேம் மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் “இந்த வாரம் எதுக்குப் போகலாம் சார்?” என்று கேட்காமல் போக மாட்டார்கள். நானும் அளந்துவிடுவேன். பெரிய நடிகரின் படத்தில் அவர் நடந்து வருவதற்கே அரை மணி நேரம் போகிறது, சாதாரண வேகத்தில் நடந்திருந்தால் இடைவேளைக்குள் படம் முடிந்திருக்கும் என்றேன். பேய்ப் படத்தில் பேய் பரவாயில்லை, அது சொன்ன ஃப்ளாஷ்பேக்தான் தாங்க முடியவில்லை. முதல் பாகத்தையே யாரும் கேட்காத ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருந்தது. கடைசியில் மூன்றாம் பாகத்துக்கு வேறு அடிபோடுகிறார்களாம். அப்போது நான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தேன்.

“கிளைமாக்ஸ் எப்படி சார்?” என்று கேட்டால், “வழக்கமானதுதான்” என்பேன். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்ததில்லை.

எனக்குப் பக்கத்து கவுன்ட்டரில் ஒரு பெண் வேலை செய்கிறாள். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். முந்தின வருடம் அவள் புருஷன் பைக்கில் போகும்போது அடிபட்டு, நாலு நாள் ஐசியூவில் கிடந்து, கண் திறக்காமலே போய்விட்டான். பன்னிரண்டு வயதில் ஒரு மகள். பள்ளி விடுமுறையில் அந்தப் பெண் குழந்தை அம்மாவோடு கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து ஃப்ரேம் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை அவள் என்னிடம் கேட்டாள்.

“அண்ணா, அந்த ஆட்டோக்காரரும் பொண்ணும் வர்ற படம் பார்த்தீங்களே, எப்படி கீது? பாப்பா போலாம்னு ஒரே அடம். அவங்கப்பா போனப்புறம் நாங்க தியேட்டர் பக்கமே போகல. அதுல அந்த அப்பாவுக்கு எதுனா ஆவுதா? ஆச்சுன்னா சொல்லிடுங்க, வேணாம்.”

ஸ்டாண்டு சுற்றுவது நின்றது. குழந்தை என்னையே பார்த்தது.

நான் பார்த்தது இவ்வளவுதான்: முக்கால்வாசிப் படம் நல்ல சிரிப்பு. அப்புறம் அந்த அப்பா அடிபட்டு ஐசியூவில் படுக்கிறான். டாக்டர் வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றுகிறார். நான் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டேன். ‘முடிவு நான் பார்க்கலைம்மா’ என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் எதிரே ஒரு கஸ்டமர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் அதே படத்தைப் பற்றி அப்போதுதான் ஒரு பிரசங்கம் முடித்திருந்தேன். அவர் முன்னால் எப்படிச் சொல்வது?

“ஆஸ்பத்திரி சீன் ஒண்ணு வரும். பயந்துடாதீங்க. கடைசியில பொழைச்சுக்குவான்” என்றேன். “தைரியமா கூட்டிட்டுப் போம்மா. குடும்பத்தோட பார்க்க வேண்டிய படம்.”

குழந்தை சிரித்தது. திரும்பவும் ஸ்டாண்டைச் சுற்ற ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி போனார்கள். திங்கட்கிழமை அவள் மட்டும் வந்தாள், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். படம் எப்படி என்று நானேதான் கேட்டேன்.

“நல்லா இருந்துச்சுண்ணா.”

“நான் சொன்னேன்ல!” என்றேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு கஸ்டமர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தபடியே சொன்னார். “அந்த ஆட்டோப் படம் போனோம் சார். இப்படியா கடைசியில அவனைச் சாகடிப்பானுங்க? என் வொய்ஃப் வீடு வர்ற வரைக்கும் அழுதுட்டே வந்தா.”

பக்கத்து கவுன்ட்டரில் அவள் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்தாள்.

இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடாமல், வெளியே வேலை இருப்பதாகச் சொல்லி ரோட்டில் சுற்றினேன். நானும் மறந்துதான் போனேன், யார்தான் சரியாகச் சொல்கிறார்கள் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

“அந்தப் படத்தோட கடைசியை நான் பார்க்கலைம்மா. வண்டி எடுக்கணும்னு முன்னாடியே எழுந்து வந்துட்டேன். எப்பவுமே அப்படித்தான். தெரியாமலே உங்ககிட்ட சொல்லிட்டேன்.”

அவள் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்த ஐசியூ சீன் வந்தப்பவே நான் எழுந்துட்டேண்ணா, போலாம் வான்னு” என்றாள். “பாப்பாதான் கையைப் புடிச்சு உட்கார வெச்சா. ‘அங்கிள் பார்த்துட்டாரும்மா, பொழைச்சுக்குவாராம், உட்காரு’ன்னு சொன்னா.”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

“படத்துல அவர் செத்தப்புறமும் பாப்பா எழுந்துக்கலண்ணா. பேரெல்லாம் ஓடி முடிஞ்சிருச்சு, லைட் போட்டுட்டாங்க, எல்லாரும் போயிட்டாங்க, பெருக்குற அக்கா தொடப்பத்தோட வந்து நிக்குது. ‘இன்னும் கொஞ்சம் இருக்கும்மா, அங்கிள் சொன்னாரே’ன்னு அந்த வெள்ளைத் திரையையே பார்த்துனு உட்கார்ந்திருந்தா.”