மூன்று முறை ஊதிய கொம்பு

மெர்சியின் அடையாள அட்டையில் இப்படி எழுதியிருக்கிறது: "பணி: துப்புரவு. வகை: திறன் சாராதவர். பொறுப்பு: ஏதுமில்லை." கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பைக் காய்ச்சி அடித்து லாரி அச்சு செய்கிற தொழிற்சாலையில், பதினோரு வருடமாக இந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாள். அவசர ஒத்திகை வந்தால் பொறுப்பு உள்ளவர்கள் பெயர்ப் பட்டியலைத் தேடுவார்கள். மெர்சி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, யார் கழிப்பறையில், யார் டீக்கு ஒதுங்கினார்கள் என்று மனப்பாடமாகச் சொல்வாள். பாதுகாப்புப் பொறுப்பாளருக்கான ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் மணிகண்டனுக்கு. அவன் டிப்ளமா படித்தவன்.

முந்நூறு நாள் விபத்தே நடக்காததற்குப் பரிசாக, நிர்வாகம் எழுபது பேரைச் சினிமாவுக்கு அனுப்பியது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கதை, மூன்று மணி நேரம் தலை உருளுகிற படம். விபத்தில்லாமல் இருந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கிடைக்கவில்லை போலும்.

பேக்கிங்கில் இருக்கும் ஷமீமாவும் வருவதாகச் சொன்னாள். அவளுக்கு ஏழாம் மாதம். அழைத்துப் போக வந்த மெர்சியை ஷமீமாவின் மாமியார் பரீதா வாசலிலேயே நிறுத்தினாள்.

"கூட்டத்துல இடிபட்டா இன்னா ஆவறது மெர்சி?"

"நான் கூடத்தான இருக்கப் போறேன்க்கா. எப்டி கூட்டிக்கினு போறேனோ அப்டியே கொண்டாந்து வுடறேன். படத்துல சாவறவன் சாவட்டும்."

"பேச்சுக்குக் கொறச்சல் இல்ல," என்று பரீதா வழிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. பழைய தியேட்டர், பால்கனி. ஏறுவதற்கு ஒரே படிக்கட்டு. அது பாதியில் திரும்புகிற இடத்தில் சோடா பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஓர் ஆள் போக மட்டும் இடம். ஏறும்போதே இறங்குவதைப் பற்றி யோசிக்கிற மெர்சி அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பிறகு ஷமீமாவைக் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தாள். அவளைச் சுற்றிக் கம்பெனி ஆட்கள். முன்வரிசைகளில் குடும்பம் குட்டியோடு நூற்று நாற்பது பேர்.

படம் மெர்சிக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால் ஓயாமல் குறை சொன்னாள்.

"உலையிலேர்ந்து எடுத்த கத்திய வெறுங்கையில புடிக்கிறான் பாரு. நம்ம ஷெட்டுல இப்டி புடிச்சா எலும்புதான் மிஞ்சும்."

"சும்மா பாரேன்க்கா," என்றாள் ஷமீமா.

"இவ்ளோ பேரு சண்டைக்கு வந்துகிறானுங்க, சோறு எவன் ஆக்கறான்? அத்த ஒருத்தனும் காட்ட மாட்டான்."

இடைவேளை முடிந்து கோட்டை முற்றுகை. எதிரிப் படை நெருங்குகிறது. மதில் மேல் ஒருவன் கொம்பெடுத்து நீளமாக ஊதினான். ஒன்று. இரண்டு. மூன்று.

தொழிற்சாலையில் நீளமாக மூன்று முறை சைரன் அடித்தால் ஒரே அர்த்தம்: கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே போ, ஓடாதே, பேசாதே. மாதம் தவறாமல் ஒத்திகை பார்த்த உடம்புகள் மூளையைக் கேட்கவில்லை. மணிகண்டன் முதலில் எழுந்தான். பின்னாலேயே அறுபத்தேழு பேர், வரிசை கலையாமல், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவு வழியாக இறங்கிப் போனார்கள். முந்நூறு நாள் பயிற்சி வீண்போகவில்லை.

மெர்சியும் பாதி எழுந்துவிட்டாள். ஷமீமாவைத் தூக்கிவிடத் திரும்பியபோதுதான் திரை கண்ணில் பட்டது. கொம்பூதியவன் கன்னம் இன்னும் உப்பித்தான் இருந்தது.

"அட, இவனா," என்றாள்.

அதற்குள் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் இருந்த அத்தனை பேரும் வாய் பேசாமல் வெளியேறினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? "தீ" என்று ஒரு குரல். நூற்று நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அந்த ஒற்றைக் கதவைப் பார்த்து எழுந்தார்கள். கதவோரம் ஷமீமா. கதவைத் தாண்டினால் படிக்கட்டில் சோடா பெட்டி.

"ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்றால் எந்தக் கூட்டமும் நம்பாது என்பது மெர்சிக்குத் தெரியும். கூட்டத்துக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவளைக் கடைசிக்குத் தள்ளினாள்.

"நீ எழுந்துக்காத. கால மேல வெச்சிக்கினு உக்காரு."

கதவை மறித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"எல்லாரும் போலாம். நெறைய டைம் இருக்குது. கைக்கொழந்த வெச்சிருக்கறவங்க மொதல்ல வாங்க. சிகப்பு சட்ட அண்ணே, நீங்க எத்தினியாவது வரிசை?"

"அஞ்சு," என்றார் அவர், தானறியாமல்.

"அப்ப நாலு போனதும் அஞ்சு. உங்க வரிசைய நீங்கதான் பாத்துக்கணும்."

பொறுப்பு கிடைத்ததும் அவர் தள்ளுவதை விட்டுவிட்டுத் தள்ளுபவர்களை அதட்ட ஆரம்பித்தார். மெர்சி ஒவ்வொரு முதுகையும் தொட்டு எண்ணி அனுப்பினாள். பின்னால் திரையில் கோட்டை விழுந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

கடைசியாக ஷமீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வண்டி நிறுத்தும் இடத்தில் கம்பெனி ஆட்கள் நான்கு வரிசையாக நின்றிருந்தார்கள். சிலர் கையில் பாப்கார்ன்.

"ரெண்டு பேரு கொறையுது," என்றான் மணிகண்டன்.

"அந்த ரெண்டு பேரு நாங்கதான் நைனா. எங்கடா தீ?"

மணிகண்டன் தியேட்டரைப் பார்த்தான். "சைரன் அடிச்சுதேக்கா."

"ராஜா ஊட்டு சைரன் அது. போய் உக்காரு."

தியேட்டர் மேனேஜர் படத்தைக் கோட்டை விழும் முன்பிருந்து மறுபடி போட்டார். சாயங்காலம் பரீதா மருமகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "படம் எப்டி?" என்றாள்.

"ஒரு தடவ வெளில போயிட்டு வந்தோம்க்கா," என்றாள் மெர்சி.

திங்கட்கிழமை அதே அட்டையோடு வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மெர்சி நூற்று நாற்பது பேரையும் ஒரு கர்ப்பிணியையும், ஓர் ஆள் அகலப் படிக்கட்டில், யாரும் யார் மேலும் விழாமல் கீழே இறக்கினாள். தீ இல்லை என்று சொல்லி மறுபடி மேலே ஏற்றி உட்கார வைத்தாள்.