துண்டுக்குள் பேசி எடுத்த படிப்பு

அப்பாவின் துண்டில் மாட்டு வாசமும் புகையிலை வாசமும் கலந்து வீசும்... எத்தனை துவைத்தாலும் போகாது.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே யாரும் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம்.

வீட்டில் அதுவே எங்களுக்கு விளையாட்டு. சந்தைக்குப் போய் வந்ததும் அப்பா என் கைமேல் துண்டைப் போடுவார். எத்தனை கடலை உருண்டை வேண்டுமோ அத்தனை விரலை நான் பிடிக்க வேண்டும். நான் எப்போதும் முழுக் கையையும் பிடித்துக்கொள்வேன். சிரித்துக்கொண்டே பொட்டலத்தையே கொடுத்துவிடுவார்.

பிளஸ் டூ முடிந்ததும் மியூசிக்தான் படிப்பேன் என்றேன். வீட்டில் ஒரே ரகளை... கடைசியில் அப்பா பாதி இறங்கி வந்தார்.

"பாட்டு டீச்சருக்குப் படி கண்ணு. மாசம் பொறந்தாச் சம்பளம் வரும். மேடை கீடையெல்லாம் நம்மளுக்கு ஆவாது."

தலையாட்டிவிட்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். மேடையில் பாடத்தானே எனக்கு அத்தனை ஆசை!

பாலக்காட்டில் காலேஜ் இன்டர்வியூ. பாடச் சொன்னார்கள், பாடினேன். அப்பா உட்கார்ந்து என் பாட்டை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அங்கிருந்த மலையாள மேடம் விளக்கினார். கச்சேரிக்கு ஒரு கோர்ஸ், டீச்சருக்கு ஒரு கோர்ஸ், இரண்டும் சேர்ந்தது ஒன்று. சேர்ந்ததற்கு ஒரு வருஷம் கூடுதல்.

"மோளே, நினக்கு ஏதா வேண்டது?"

அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதைச் சொல்ல?

அப்பா தோள் துண்டை எடுத்து மேஜைக்கு அடியில் என் கைமேல் போட்டார். "வாயில சொல்லோண்டாஞ் சாமி. ஒத்த வெரல்னா டீச்சரு... ரண்டுன்னா மேடை."

முழுக் கையையும் பிடித்துக்கொண்டேன்.

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ரண்டும் சேந்ததவே எழுதிக்கங்க மேடம்" என்றார்.

பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன். "ஒரு வருசம் எச்சாப் படிக்கோணுமேங்கப்பா..."

"கறவ மாடு வாங்குனா கன்னுக்குட்டிய உட்டுப்போட்டா வருவாங்க?"

இன்று நான் ஸ்கூலில் பாட்டு டீச்சர். திருவிழா மாதங்களில் கச்சேரியும் உண்டு. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் போனிலேயே கோர்ஸ் ஆப்ஷன் கொடுத்துவிட்டு வந்து சொல்கிறார்கள். நல்லதுதான், யார் முகத்தையும் பார்த்துத் தயங்க வேண்டாம். எனக்குத்தான் என்னவோ குறைகிற மாதிரி இருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. ஆனாலும் போன வாரம் கொல்லங்கோட்டுக் கச்சேரிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் பழக்க தோஷத்தில், "எப்படிங்கப்பா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் சுருக்கென்றது.

அவர் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார்.

உள்ளே, என் முழுக் கையையும் பிடித்துக்கொண்டார்...